இருபத்திரண்டு நிமிடப் படிப்பு

சின்னராசு உள்ளே வந்தபோது நவமணியின் கையில் பாதி கடித்த உளுந்து வடை இருந்தது. பிற்பாடு அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் அந்த வடைதான் முதலில் ஞாபகம் வந்து அவளுக்கு உடம்பு கூசும்.

ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி. கோயமுத்தூர் கணபதியில் மருதாசலத்தின் லேத் பட்டறை. வாரத்தில் ஆறு நாள் அங்கே பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைவார்கள். ஏழாவது நாள் மிஷின்களின் மேல் படுதாவை இழுத்துவிட்டு, எண்ணெய் வாசனைக்கு நடுவே பன்னிரண்டு பேர் மடிக்கணினிகளோடு உட்கார்ந்துகொள்வார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற அப்பாஸ், பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர், ஒரு நர்ஸ், ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற நவமணி என்று பலதரப்பட்ட கூட்டம். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஊருக்கு நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பும், பட்டறைக்காரர் மருதாசலம் வாங்கி வைக்கும் வடையும்தான் கூலி.

சின்னராசு யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. முப்பது வயதிருக்கும், நான்கு நாள் தாடி. இடது கையில் அவர்கள் செய்த காது டப்பா ஒன்று இருந்தது, வலது கையில் மூன்றடி இரும்புக் கம்பி. டப்பாவை மேஜைமேல் வெகு பத்திரமாக வைத்தான். அப்புறம் கம்பியைச் சுழற்ற ஆரம்பித்தான்.

முதல் வீச்சில் இரண்டு மடிக்கணினிகள் போயின. அடுத்தது சுவரோரம் அடுக்கியிருந்த இருபது புது டப்பாக்களின் மேல் விழுந்தது. இருபதும் சில்லுச் சில்லாகத் தெறித்தன. நர்ஸ் அலறிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். மருதாசலம் எழுந்து, "தம்பி, தம்பி, ஒரு நிமிசம்" என்று கையை நீட்டினார். கம்பி அவர் தோளில் இறங்கியது. தென்னை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஐம்பத்தெட்டு வயது மனிதர் லேத் மிஷினில் முகம் மோதிச் சரிந்தார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிப் படுதாவை நனைத்தது.

"என்ற தங்கச்சி செத்து மூணு நாளாச்சு" என்றான் சின்னராசு. "செல்வநாயகி. மில் லைனு, பதினேழாம் நம்பர் வீடு. கட்டுனவன் பூரிக்கட்டையிலயே அடிச்சுக் கொன்னுருக்கான். வெலா எலும்பு நாலு போச்சுன்னு டாக்டரு சொல்றாரு. அத்தன அடி விழுகறப்பவும் செவுத்துல ஒங்க டப்பா பச்ச லைட்டு எரிஞ்சுட்டேதான் இருந்துச்சு. ஆருடா வந்தீங்க? ஒருத்தன் வந்தானா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. காது டப்பா என்பது அதற்காகவே செய்தது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி, சுவரில் மாட்டினால் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதை வெளியே அனுப்பாது, சேர்த்தும் வைக்காது. நிமிடத்துக்கு ஒரு சொல்லை மட்டும் தனக்குள் எழுதிக்கொள்ளும்: சமையல், டிவி, பூஜை, பேச்சு, தூக்கம் என்று. 'அடி' என்று எழுத நேர்ந்தால் பச்சை விளக்கு சிவப்பாகி, பக்கத்து ஐந்து வீடுகளில் விசில் ஊதும். விசில் கேட்டால் ஐந்து வீட்டாரும் போட்டது போட்டபடி ஓட வேண்டும், கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல் திறந்து உள்ளே போக வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இதற்கு ஒப்புக்கொண்டு மாட்டியிருந்தன.

ஆரம்பத்தில் பெண்கள்தான் ஓடினார்கள், தட்டையும் கரண்டியையும் தட்டிக்கொண்டு. நாளாக நாளாக ஆண்கள் முந்திக்கொண்டார்கள், தட்டு போய் உருட்டுக்கட்டை வந்தது. பெண்டாட்டியின் கையை முறித்த ஒருவனை மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயே போய்விட்டது. இன்னொருவன் சமையற்கட்டில் புகுந்த பாம்பைக் கட்டையால் சாத்தியிருக்கிறான், மனைவி அலறியிருக்கிறாள். ஐந்து வீடும் நுழைந்து அவன் காரை எலும்பை உடைத்து, அதற்குப் பிறகு பாம்பைப் பார்த்துவிட்டு, ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "நாம விசில்தாங்க ஊதறோம். கை நம்முளுது இல்லீங்களே" என்பார் மருதாசலம். நவமணிக்கும் அந்த சமாதானம் போதுமானதாக இருந்தது. இரண்டு வருஷத்தில் அறுபத்தோரு விசில். பாம்பைக் கழித்துவிட்டால் அறுபது பெண்கள் பிழைத்திருக்கிறார்கள்.

சின்னராசு கொண்டுவந்த பதினேழாம் நம்பர் வீட்டு டப்பாவை அப்பாஸ் வயரில் செருகினான். வியாழக்கிழமை. நாலு மணி எட்டு நிமிடம், பேச்சு. ஒன்பது, பேச்சு. பத்திலிருந்து முப்பத்தொன்றுவரை ஒரே சொல் வரிசை கட்டி நின்றது. முப்பத்திரண்டிலிருந்து தூக்கம்.

"என்ன போட்டிருக்கு? படிடா."

"படிப்பு" என்றான் அப்பாஸ்.

"என்ன?"

"படிப்புன்னு போட்டிருக்குங்க. பிள்ளைங்க உக்காந்து படிக்கற சத்தம்னு நெனச்சிருக்கு. இருவத்திரண்டு நிமிசம்."

"அவளுக்குப் புள்ளையே இல்லியேடா" என்றான் சின்னராசு. கம்பியைத் தரையில் ஊன்றினான். "எவன்டா அதுக்குச் சொல்லிக் குடுத்தது, அதுக்குப் பேரு படிப்புன்னு?"

பதில் சொல்லவேண்டியவள் நவமணிதான். டப்பாவுக்குப் பாடம் நடத்திய பொறுப்பு அவளுடையது. மருதாசலத்தின் மூக்கில் தன் முந்தானையை அழுத்திப் பிடித்தபடியே சொன்னாள்.

"நம்ம வீடு மொதல்லன்னு எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்குதுங்க. எதச் செஞ்சாலும் எங்க வீட்ல மாட்டிப் பாத்துட்டுத்தான் ஊருக்குக் குடுப்போம். இதையும் மொதல்ல எங்க பன்னெண்டு பேரு வீட்லயும் ஒரு மாசம் மாட்டுனோம். தெனமும் அது கேக்கும், அஞ்சு மணிக்கு என்ன நடந்துச்சு, ஆறு மணிக்கு என்ன நடந்துச்சுன்னு. நாங்க பட்டன அமுத்துவோம். சமையல், டிவி, படிப்புன்னு. அப்படித்தான் அது கத்துக்கிச்சு. அடிக்கற சத்தம் தனியா ஆஸ்பத்திரியில, ஸ்டேஷன்ல கேட்டு வாங்குனோம். எங்க வீடெல்லாம் நல்ல வீடு, அதுல அடி இருக்காதுன்னு..."

"அப்ப ஒங்க பன்னெண்டு வீட்ல எவனோ ஒருத்தன் அடிச்சுட்டுப் படிப்புன்னு அமுத்தியிருக்கான்."

சின்னராசு கம்பியால் ஒவ்வொருவரையும் சுட்டினான்.

"எந்த வீடு?"

"தெரியாதுங்க. ஆரு வீடு எந்த நம்பர்னு ஆருக்கும் தெரியக்கூடாதுன்னு நம்பர் எழுதுன சீட்டக் கிழிச்சுப் போட்டாச்சு. நாந்தான் கிழிச்சேன்."

சின்னராசு கம்பியைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "வர ஞாயித்துக்கிழம வருவேன். எந்த வீடுன்னு சொல்லோணும். அவ புருசன் ஜெயில்ல உக்காந்துட்டான், அவன நான் தொட முடியாது. இவனத் தொடுவேன். போலீசுக்குப் போறதுன்னாப் போங்க."

யாரும் போலீசுக்குப் போகவில்லை. படியில் விழுந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொண்டார் மருதாசலம்.

முதல் மாதம் பன்னிரண்டு வீடுகளிலும் பிடித்த ஒலிப்பதிவுகள் மட்டும் பட்டறை அலமாரியில் ஒரு டிஸ்க்கில் பூட்டிக் கிடந்தன. முந்நூறு மணி நேரத்துக்கு மேல் தேறும். அப்பாஸ் அதை ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, எந்த வீட்டுப் 'படிப்பு'ச் சத்தம் ஆஸ்பத்திரியில் வாங்கிய அடிச் சத்தத்தோடு ஒத்துப்போகிறது, செல்வநாயகியின் டப்பா எதை வைத்து ஏமாந்தது என்று தேடச் சொன்னான். சனிக்கிழமைக்குள் சொல்லிவிடும் என்றான். அந்த வீட்டில் இப்போதும் ஒரு ஜீவன் சத்தமில்லாமல் அடிவாங்கிக்கொண்டிருக்கிறது, மற்ற நானூறு வீட்டிலும் டப்பா செவிடாகத் தொங்குகிறது என்பதை நினைத்து நவமணிக்குச் சோறு இறங்கவில்லை. எந்தப் பாவியோ என்று வைதுகொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்பியதும் மகளைப் படிக்க உட்கார வைத்தாள். நித்திலா பத்தாம் வகுப்பு. அவள் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒருமுறை வருவார். பெண் உருப்படாமல் போனால் உலகம் கேட்கப்போவது நவமணியைத்தான். பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு பிள்ளைமேல் சுண்டுவிரல் வைத்தது கிடையாது, 'நவமணி மிஸ்' என்றால் பிள்ளைகள் காலைச் சுற்றி வரும். வீடு வேறு. முழுப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் பாக்கி.

டிவியில் ஏதோ ஒரு தொடரைச் சத்தமாக வைத்தாள். நித்திலா சூத்திரங்களை ஒப்பித்தாள், நாலாவதில் திக்கினாள். நவமணி மர ஸ்கேலை எடுத்தாள். தொடையில், சுடிதார் மறைக்கிற இடத்தில். "மறுக்காச் சொல்லு" என்றாள் தாழ்ந்த குரலில். மறுபடியும் திக்கல். ஸ்கேல் அதே இடத்தில் விழுந்தது. இந்தத் தடவை விளிம்பால். பெண் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூக்கால் மெல்ல விட்டாள். அழ மாட்டாள், அந்த மட்டுக்கும் சமர்த்து. பதினோரு அடியில் சூத்திரம் வந்துவிட்டது. ஸ்கேல் இரண்டாக விண்டுபோயிருந்தது. நவமணி பாலைக் காய்ச்சி, நிறைய சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் என்ன நடந்ததென்று யாராவது கேட்டிருந்தால், பாப்பாவைப் படிக்க வைத்தேன் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பாள். சுவரில் பச்சை விளக்கும் அதைத்தான் சொன்னது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நர்ஸ் போன் செய்தாள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் மெல்லக் கேட்டாள். "அக்கா, எங்க வீடாங்க? பெரியவனுக்கு நான் சூடு வெச்சேன். ஒரே ஒருக்காத்தான்."

புதன்கிழமை பாலிடெக்னிக் வாத்தியார் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். "டீச்சர், எங்க வீடா இருந்தா என்கிட்ட மட்டும் மொதல்ல சொல்லிருங்க" என்றார். வியாழக்கிழமை மூன்று பேர். ஒருவர் அழுதார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்த மருதாசலம், மனைவி காப்பி வாங்கப் போன சமயம் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வருசம் பையன் பிளஸ் டூ, அம்மிணி. பெல்ட்டக் கழட்டியிருக்கேன். என்ற வீடாத்தான் இருக்கும், பாரு." அப்பாஸ்கூட விதிவிலக்கில்லை. "எங்கண்ணன் அவரு பையன ஓத உக்கார வெக்கறப்ப கொஞ்சம் மொரட்டுத்தனமா இருப்பாருங்கக்கா."

வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு பேரும் தனித்தனியாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நவமணிக்கு அருவருப்பாக இருந்தது. ஊரைத் திருத்தக் கிளம்பிய கூட்டத்தின் லட்சணம் இதுவா என்று குமைந்தாள். பன்னிரண்டாவது வீட்டைப் பற்றி அவளுக்கு யோசனையே எழவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் அப்பாஸ் பட்டறைக்குக் கூப்பிட்டான். உடைந்த பிளாஸ்டிக்கை இன்னும் யாரும் பெருக்கவில்லை. "ஏழாம் நம்பர் வீடு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு ஒத்துப் போவுது" என்றான். ஹெட்போனை அவன் முதலில் மாட்டிக்கொண்டான். ஒரு நிமிடம் கேட்டான். கழற்றினான். அவள் முகத்தைப் பார்க்காமல் அவளிடம் நீட்டினான்.

முதலில் டிவி இரைச்சல். அதற்குப் பின்னால் 'சப்' என்று ஒரு சத்தம், சதையில் கட்டை படுகிற சத்தம். ஒரு பெண்ணின் குரல், கோபமே இல்லாமல், மளிகைச் சாமான் சொல்வதுபோல் அடங்கிய குரல்: "கண்ணுல தண்ணி வரக்கூடாது. வந்தா இன்னும் ரெண்டு." மறுபடி சப். மறுபடி.

"எவ இந்தப் பிசாசு?" நவமணி ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். "பொம்பளையா இவ? இவள நட்ட நடு ரோட்ல கட்டி வெச்சுத் தோல உரிக்கோணும் அப்பாஸ். சின்னராசு கிட்டக் குடுத்தாலும் தப்பில்ல."

அப்பாஸ் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நம்ம கூட்டத்துல பொம்பளைங்க நாலு பேருதான். நர்சம்மா கொரலு இது கெடையாது. ஆருன்னு உனக்குத் தெரியுதா?"

"அவங்கவங்க கொரலு அவங்கவங்களுக்குத் தெரியாதுங்கக்கா" என்றான் அவன். "இன்னுங் கொஞ்சம் கேளுங்க."

கேட்டாள். டிவி இரைச்சல் ஒரு நொடி ஓய்ந்த இடத்தில், மூச்சை இழுத்துப் பிடித்து மூக்கால் மெல்ல விடுகிற சத்தம் கேட்டது. அதை அவள் எந்தக் கூட்டத்திலும் எந்த இருட்டிலும் கண்டுபிடித்துவிடுவாள். காய்ச்சலில் கிடந்தபோதும், பிரசவ வார்டில் துணியில் சுற்றிக் கொடுத்தபோதும் கேட்ட மூச்சு. பெற்றவளுக்குத் தன் குரல் தெரியவில்லை, பிள்ளையின் மூச்சு தெரிந்தது.

ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்பக்கம் போய், இரும்புச் சுருள்கள் குவிந்திருந்த இடத்தில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"செல்வநாயகிய நாங் கொன்னுட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. டப்பாவைச் சரி பண்ணிரலாம்" என்றான் அப்பாஸ். "அந்த வீட்டுப் படிப்ப அத்தனையும் அடின்னு மாத்தி, மறுபடி பாடம் நடத்துனா அதுக்குக் காது வந்துரும். ராத்திரிக்குள்ள முடிச்சர்றேன். வழக்கம்போல நம்ம பன்னெண்டு வீட்ல ஒரு வாரம் போட்டுப் பாப்போம். அஞ்சு வீட்டுக்காரங்களும் விசில் ஊதுனது 'சரி', 'தப்பு'ன்னு போன்ல அமுத்துவாங்கல்ல, அதவெச்சு அது இன்னும் பழகிக்கும். பாம்பு விசயத்துல அஞ்சு பேரும் தப்புன்னு அமுத்துனதும் அப்புறம் அந்தத் தப்ப அது பண்ணவே இல்லியே. அடுத்த வாரம் ஊருக்கெல்லாம் போட்டர்லாம்." கொஞ்சம் நிறுத்தினான். "ஏழாம் நம்பர் ஆருதுன்னு என் வாயில வராதுங்கக்கா. நாளைக்கு அவன் கொன்னாலும் வராது."

மறுநாள் பத்து மணிக்குச் சின்னராசு வந்தான். அதே கம்பி. பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள், வராமலிருக்க ஒருவருக்கும் தைரியமில்லை.

"எந்த வீடு?"

நவமணி வாயைத் திறப்பதற்குள் கட்டுப் போட்ட தோளோடு மருதாசலம் எழுந்துவிட்டார். "என்ற வீடு. பையன அடிச்சுட்டு நாந்தான் அமுத்துனேன்."

கம்பி அவர் வயிற்றில் பாய்ந்தது. குனிந்தவரின் முதுகில் இன்னொன்று. அவர் மண்டியிட்டு, ஒற்றைக் கையால் தரையைத் துழாவினார். வாயிலிருந்து எச்சிலும் ரத்தமுமாக நூல் இறங்கியது. சின்னராசு அவர் முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்திக் கம்பியை ஓங்கினான். "இல்லீங்க, அது என் வீடு" என்று கத்திக்கொண்டு பாலிடெக்னிக் வாத்தியார் குறுக்கே வந்தார். அவர் முழங்கையில் விழுந்தது. அவர் போட்ட கூச்சலுக்கு மேலே நர்ஸ் அலறினாள், "என் வீடுங்க, சாமி, என் வீடு." சின்னராசு யாரை அடிப்பதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

நவமணி போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏழாம் நம்பர் வீடு. என்றது. அவங்கெல்லாம் பயத்துல சொல்றாங்க. அந்தப் பதிவ நானே கேட்டுட்டுத்தான் சொல்றேன். பட்டன அமுத்துனது இந்தக் கை."

அவன் அவளை ஏறெடுத்துப் பார்த்தான். ஒரு ஆணைக் கொல்லத் தயாராகி வந்தவன் அவன்.

"ஆர அடிச்சீங்க?"

"என்ற புள்ளைய. படிக்க வெக்கறதுக்கு."

"கத்த மாட்டாளா?"

"மாட்டா. கத்துனா இன்னும் விழுகும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

கம்பியின் மறுமுனையில் அவன் பிடி தளர்ந்தது. அவள் கையில் திடீரென்று முழுப் பாரமும் வந்தது. சின்னராசு தரையில், பிளாஸ்டிக் சில்லுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கப்பன் பெரிய மொரடன்" என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. "ரெண்டு பேத்தையும் போட்டு அடிப்பான். செல்வி கத்துவா. கத்துனா அவனுக்கு வெறி ஏறும். கத்தாத புள்ள, மூச்சப் புடிச்சுக்கோ, மூக்குல விடு, சீக்கிரம் முடிஞ்சிரும்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அவளுக்கு ஏழு வயசு. நல்லாப் பழகிக்கிட்டா." முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "ஒரு சத்தம் போட்டிருந்தான்னா விசிலு ஊதியிருக்குமில்ல? ஒரே ஒரு சத்தம்."

ஊதியிருக்கும் என்று அப்பாஸுக்குத் தெரியும். அன்றைக்குப் பட்டறையில் இன்னொரு அடி விழவில்லை. போகும்போது சின்னராசு கம்பியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

சாயங்காலமே திருத்திய டப்பாவை அப்பாஸ் வந்து நவமணியின் வீட்டில் மாட்டினான். நித்திலாவை உட்கார வைத்து நவமணி எல்லாவற்றையும் சொன்னாள், செல்வநாயகியையும் சேர்த்து. சொல்லும்போதே அழுதாள். "இனி அம்மா கைய ஓங்குனா இது ஊதும், கண்ணு. அஞ்சு வீடும் ஓடி வரும். என்னைய அடிச்சாலும் அடிக்கட்டும்." பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரிம்மா என்றாள்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை மாதிரித் தேர்வுத் தாள் வந்தது. கணக்கில் முப்பத்தாறு. நவமணி பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து முதல் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது கணக்கில் நித்திலா அதே தப்பைச் செய்தாள். வருஷக்கணக்கான பழக்கம் கையில் இருந்தது. ஸ்கேல் இல்லை, தோசைக்கரண்டி இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது காதோரம். பெண் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

சுவரில் சிவப்பு எரிந்தது. வீட்டைச் சுற்றி ஐந்து திசையிலும் விசில் கிளம்பியது.

நவமணி கரண்டியைப் போட்டுவிட்டு நின்றாள். பயமாக இருந்தது, அதற்கு மேலே ஒரு நிம்மதியும் இருந்தது. வரட்டும். வந்து என் கையை முறிக்கட்டும். இந்தப் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

ஒன்றரை நிமிடத்தில் கதவு சுவரில் மோதித் திறந்தது. முதலில் எதிர்வீட்டு மோகனசுந்தரம் உருட்டுக்கட்டையோடு நுழைந்தார், பின்னாலேயே நாலு வீட்டு ஆண்களும் பெண்களும் வந்தார்கள். ஒருவர் கையில் கடப்பாரை. "ஆருங்க டீச்சர்? எங்க அவன்? உள்ள பூந்துட்டானா?"

"ஆரும் வரலீங்க" என்றாள் நவமணி. "நாந்தான். புள்ளைய நாந்தான் அடிச்சேன். பாருங்க, காதெல்லாம் வீங்கிப் போச்சு."

அவர்கள் நித்திலாவைப் பார்த்தார்கள். அவள் முன்னாலிருந்த கணக்கு நோட்டைப் பார்த்தார்கள். மோகனசுந்தரம் கட்டையைக் கீழே இறக்கி, பெரிதாக மூச்சுவிட்டார்.

"படிக்க வெச்சுட்டு இருந்தீங்களா? அட நான் என்னமோன்னு பதறிப் போயிட்டனுங்க."

"இல்லீங்க, நான் அடிச்சேன். வருசக்கணக்கா அடிக்கறேன்."

"ஆரு அடிக்கல? எங்கூட்டுல தெனம் பூசைதான்" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுக்காரி. "அப்பனும் ஊர்ல இல்ல, ஒத்தப் பொம்பளையா நின்னு வளக்கறீங்க. சாமி, அம்மா சொல்றதக் கேட்டுப் படிக்கோணும் தங்கம், என்ன?" என்று நித்திலாவின் கன்னத்தைத் தட்டினாள். "டப்பாவுக்கு என்னமோ ஆகிப் போச்சாட்ட இருக்குதுங்க. கொஞ்சம் பாருங்க."

எல்லாரும் போனை எடுத்தார்கள்.

"சரின்னு அமுத்துங்க" என்றாள் நவமணி. மோகனசுந்தரத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உங்க காலுல விழுகறேன். நடந்தது உண்மைங்க. சரின்னே அமுத்துங்க."

அவர் பிரியத்தோடு அவள் கையை விலக்கினார். "என்ன டீச்சர் இது. ஊருக்கே இவ்வளவு நல்லது செய்யறீங்க, உங்களப் போயி நாங்க காட்டிக் குடுப்பமா?"

ஐந்து பேரும் அமுத்தினார்கள். ஐந்தும் ஒன்றுபோலவே. சிவப்பு விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டுப் பச்சையானது. டப்பா தன் பாடத்தைத் திருத்திக்கொண்டது.

அவர்கள் போனபிறகு நித்திலா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எந்தக் கணக்குலம்மா நிறுத்துனோம்?" என்று கேட்டாள்.